பிறந்த வீடு, புகுந்த வீடு: ரக்பி லீக்கில் யார் ஊர்க்காரர், யார் விசுவாசி?

2025 அக்டோபரில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் கோப்பையை பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணி வென்றது. கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஆடம் ரெனால்ட்ஸுக்கு அப்போது வயது 35. அவர் பிரிஸ்பேன்காரர் அல்லர். சாலை வழியே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தெற்கே, சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், சவுத் சிட்னி கிளப்பின் பழைய மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் சேர்த்தவர். 43 ஆண்டுகள் கோப்பையே பார்க்காத சவுத் சிட்னிக்கு 2014இல் அதை வென்று தந்த அணியில் ஆடியவர். அப்படிப்பட்டவர் ஏன் வேறு ஊர் ஜெர்சியில் நின்றார்?

“காசுக்காகப் போய்விட்டார்” என்பது எளிதாக வாயில் வரும் பதில். நடந்தது வேறு. 2021இல், முப்பதைத் தொட்டிருந்த அவருக்கு சவுத் சிட்னி தர முன்வந்தது ஓராண்டு ஒப்பந்தம். பிரிஸ்பேன் தந்தது மூன்றாண்டு. குடும்பமுள்ள எவரும் எதைத் தேர்ந்திருப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

ரக்பி லீக் பற்றிய பேச்சில் அடிக்கடி காதில் விழும் ஒரு புலம்பல் உண்டு. “அந்தக் காலத்தில் ஊர்ப் பையன்கள் ஊருக்காக ஆடினார்கள், சாகும்வரை ஒரே கிளப்பில் இருந்தார்கள். இப்போது யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகிறார்கள்.” கேட்க இனிமையான சோகம்தான். ஆனால் இதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. விளையாட்டை இதுவரை பார்த்தே இராதவர்களும் தொடர்ந்து வரலாம்.

ஒரு டீக்கடைக் கணக்கு

தெருமுனையில் ஒரு டீக்கடை. மாஸ்டர் வேறு மாவட்டத்துக்காரர். ஆனாலும் அது “எங்கள் தெருக் கடை”. காலை ஐந்து மணிக்கு அங்கே நின்று பேப்பர் படிப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள். கடன் நோட்டில் இருக்கும் பெயர்கள் அவர்களுடையவை. பெஞ்சில் நடக்கும் அரசியல் சண்டையும் அவர்களுடையது. மாஸ்டர் மாறிக்கொண்டே இருக்கலாம்; கடை தெருவினுடையதாகவே இருக்கும். ஒரு கிளப்புக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் உள்ள இந்த உறவை ஊர் அடையாளம் என்று சொல்வோம்.

ஒருநாள் மாஸ்டர் கூடுதல் கூலிக்காக அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுகிறார். டீ முன்போல் இல்லை என்று ஒரு மாதம் முணுமுணுப்போம். இது மாஸ்டருக்கும் முதலாளிக்கும் இடையிலான கட்டு. வீரருக்கும் கிளப்புக்கும் இடையில் இருக்கும் அதே கட்டைத்தான் விசுவாசம் என்கிறார்கள்.

இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். முதலாளி சொல்கிறார்: “நான் ஒப்புக்கொண்டால் ஒழிய, இந்த ஊரில் வேறு எந்தக் கடையிலும் நீ அடுப்புப் பற்றவைக்க முடியாது.” மாஸ்டர் இருபது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். “என்ன ஒரு விசுவாசம்!” என்று மெச்சுவோமா? இந்தக் கேள்வியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நீதிமன்றத்தில் அவிழ்க்க வேண்டியிருக்கும்.

கூலிக் கேள்வியில் பிறந்த ஆட்டம்

ரக்பி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். இலங்கையில் கண்டியிலும் கொழும்பிலும் பள்ளிகள் மோதிக்கொள்வது அதில்தான். ரக்பி லீக் அதிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பி. அணிக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணி முன்னேறப் பார்க்கும். எதிரணி மடக்கிப் பிடிக்கும். ஆறாவது முறை மடக்கப்பட்டால் பந்தை ஒப்படைத்துவிட வேண்டும். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புரியச் சிரமம் இருக்காது. இங்கிலாந்தின் வடபகுதியும், ஆஸ்திரேலியாவின் சிட்னி, குயின்ஸ்லாந்து பகுதிகளும்தான் இதன் தாய்மண்.

பாகப்பிரிவினை நடந்த நாள் 1895 ஆகஸ்ட் 29. இடம் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டல். தகராறு கூலியைப் பற்றியது. வடக்கில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை செய்தவர்கள். ஆட்டம் சனிக்கிழமை, அன்றும் வேலை உண்டு. ஆடப் போனால் கூலி போகும். இழந்த வேலைநேரத்துக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு தரலாமா என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. பணம் வாங்காமல் ஆடுவதே கண்ணியம் என்று ரக்பியின் தலைமை மறுத்தது. கூலி போனால் அடுப்பு எரியாது என்ற கவலை இல்லாதவர்களுக்குக் கண்ணியம் பேசுவது சுலபம். வடக்கத்தியவர்கள் பிரிந்தார்கள். புதிய அமைப்பின் முதல் பருவத்தில் 22 கிளப்புகள் ஆடின.

ஆகவே, பணம் வந்துதான் ரக்பி லீக் கெட்டது என்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். உழைப்பவனுக்குக் கூலி வேண்டும் என்ற கோரிக்கை இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை.

ஊர்ப் பிள்ளைகள் பாதி, வந்த பிள்ளைகள் பாதி

தொடக்க காலத்தில் அணிகள் ஊர்ப் பிள்ளைகளால் நிறைந்திருந்தன என்பதில் உண்மை உண்டு. அதற்குக் காரணம் மனசு மட்டும் அல்ல. 1898இல் வீரர்களுக்குச் சம்பளம் தரலாம் என்று அனுமதித்தபோது, அவர்களுக்குக் களத்துக்கு வெளியே உண்மையான ஒரு வேலை இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தார்கள். வேலை எங்கேயோ வீடு அங்கே. வீடு எங்கேயோ கிளப் அங்கே. யார்க்‌ஷரில் ஃபெதர்ஸ்டோன் என்றொரு சுரங்க ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 15,000. நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. அந்த ஊரின் கிளப் இங்கிலாந்தின் சவால் கோப்பையை 1967, 1973, 1983 என மூன்று முறை வென்றிருக்கிறது. பலசாலியான முன்வரிசை ஆட்டக்காரர் வேண்டுமென்றால் சுரங்கக் குழிக்குள் குனிந்து ஒரு சத்தம் போட்டால் போதும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ஆனால் அதே காலத்தில், அதே கிளப்புகள் வேல்ஸிலிருந்து ரக்பி யூனியன் வீரர்களைக் காசு கொடுத்து அழைத்துக்கொண்டும் இருந்தன. இதைப் புலம்பல்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பில்லி பாஸ்டன் கார்டிஃப் துறைமுகத்துப் பிள்ளை. தந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனைச் சேர்ந்தவர். அந்நாளில் கறுப்பின வீரர்களுக்கு வேல்ஸ் ரக்பி யூனியனில் மேலே போகும் வழி மிகக் குறுகல். 1953இல் விகன் நகரக் கிளப்புக்கு வந்தார். 1968 வரை அங்கே 488 ஆட்டங்களில் 478 டிரைகள் அடித்தார். டிரை என்பது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது. விகனில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2025இல் அவருக்குக் கிடைத்த ‘சர்’ பட்டம், ஒரு ரக்பி லீக் வீரருக்குக் கிடைத்த முதல் ‘சர்’ பட்டம். விகன்காரர்களிடம் போய் அவர் வெளியூர்க்காரர் என்று சொல்லிப் பாருங்கள். டீ கூடக் கிடைக்காது.

புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் நாற்பது வருடத்தில் அந்த வீட்டின் தூணாகிவிடுகிறாள். அங்கேயே பிறந்தவர்களைவிட அந்த வீட்டுப் பழக்கவழக்கம் அவளுக்குத்தான் அத்துப்படி. அவளிடம் போய் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. வீரர்கள் ஒரே ஊரில் தங்கியதற்கு வேலையும் விதியும் பெரிய காரணங்கள். ஊரின் நாயகர்கள் எல்லாரும் அந்த ஊரில் பிறந்தவர்களாக ஒருபோதும் இருந்ததில்லை.

கட்டிப்போட்ட விசுவாசம்

சிட்னியில் 1908இல் போட்டி தொடங்கியபோது கிளப்புகள் நகரின் வட்டாரங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தின. எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த வட்டாரக் கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். இதற்கு வசிப்பிட விதி என்று பெயர். கிளப் மாற வேண்டுமென்றால் வீட்டை மாற்ற வேண்டும். இந்த விதி 1959 வரை நீடித்தது. அந்தக் காலத்து ஒரே கிளப் வீரர்களைப் புகழும்போது, அவர்களில் எத்தனை பேர் மனதார இருந்தார்கள், எத்தனை பேர் வாடகை வீடு கிடைக்காமல் இருந்தார்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

வசிப்பிட விதி போனாலும், அதைவிடக் கடுமையான இன்னொன்று இருந்தது: தக்கவைப்பு முறை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும், கிளப் தன் பட்டியலில் ஒருவர் பெயரை வைத்திருந்தால் அவர் வேறு எங்கும் ஆட முடியாது. அவரை விரும்பும் கிளப், பழைய கிளப் கேட்கும் மாற்றுத் தொகையைக் கட்ட வேண்டும். மாற்றுத் தொகை என்பது வீரரை விடுவிப்பதற்காக ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குத் தரும் பணம். யாரும் கட்டாவிட்டால், பழைய கிளப் சொல்லும் சம்பளத்துக்கு ஆடு, இல்லையென்றால் வீட்டில் இரு. நம் டீக்கடை முதலாளி சொன்னது நினைவிருக்கிறதா?

சிட்னியின் பால்மெயின் கிளப்பில் டெனிஸ் டட்டி என்றொரு வீரர். அவர் விடுதலை கேட்டார்; கிளப் மறுத்தது. 1969 பருவம் முழுக்க ஆடாமல் உட்கார்ந்தார். அந்த ஆண்டுதான் பால்மெயின் கோப்பையை வென்றது. சக வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து கையசைத்தபோது, கொள்கைக்காகச் சம்பளத்தையும் புகழையும் விட்டுவிட்டு வெளியே நின்றவர் அவர் ஒருவர். வழக்கு ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1971இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது: இந்த முறை ஒருவரின் தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற வகையில் தடுக்கிறது.

டட்டியின் பெயர் இன்றைய ரசிகர்களில் பலருக்குத் தெரியாது. இன்று கோடிகளில் ஒப்பந்தம் போடும் ஒவ்வொருவரும் அவர் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

சிட்னியில் பின்னர் டிராஃப்ட் என்ற முறையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களைக் கிளப்புகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். எந்த ஊருக்குப் போவது என்பதில் வீரருக்குப் பேச்சில்லை. வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. ஐபிஎல் ஏலத்தில் சுத்தியல் தட்டியதும் ஒருவரின் ஊர் மாறுவதைக் கைதட்டிப் பார்க்கும் நமக்கு, இதற்காகவா நீதிமன்றம் போனார்கள் என்று தோன்றலாம். அவர்கள் கேட்டது சாதாரணக் கேள்விதான்: நான் எங்கே வாழ வேண்டும் என்பதை இன்னொருவர் எப்படி முடிவு செய்யலாம்?

பொங்கி வழியும் பானை

கதவு திறந்துவிட்டது. இப்போது பணக்கார கிளப் எல்லாரையும் வாரிக்கொண்டு போகாமல் தடுப்பது எப்படி? இங்கேதான் இன்றைய இடமாற்றங்களை உண்மையில் இயக்கும் விசை வருகிறது. பலர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான்.

அதன் பெயர் சம்பள உச்சவரம்பு. ஒரு கிளப் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்ற எல்லை. எல்லாக் கிளப்புகளுக்கும் ஒரே அளவு. சிட்னியில் 1990இல் வந்தது. இங்கிலாந்தில் அந்தப் பத்தாண்டின் கடைசியில். என்.ஆர்.எல். எனப்படும் இன்றைய ஆஸ்திரேலிய உச்சப் போட்டியில் இந்த எல்லை ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிய தொகை.

எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுப் பானை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பச்சரிசியைக் களைந்து போடுகிறார்கள். போடும்போது பானை பாதிதான். கொதிக்கக் கொதிக்க அரிசி மலர்ந்து பொங்கி வழிகிறது. வழிவதை ஏந்திக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். உள்ளூர்ச் சிறுவர்களை வளர்த்து ஆளாக்கும் கிளப்பின் கதை இதுதான். பதினெட்டு வயதில் குறைந்த சம்பளத்துக்கு வந்த பையன் இருபத்து நான்கு வயதில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் ஆகிறான். அவன் விலை மலர்ந்துவிட்டது. பானையின் வாய் மட்டும் அதே அளவு.

சிட்னியின் மேற்கு ஓரத்தில் உள்ள பென்ரித் இதற்கு நல்ல சாட்சி. அங்கே சிறுவர் அணிகளின் விளைநிலம் மிகப் பெரியது. அந்த மண்ணில் விளைந்த வீரர்களை முதுகெலும்பாகக் கொண்டு 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்றது. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, உச்சவரம்புக் காலத்தில்! ஆனால் ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் ஒரு பிரியாவிடை. மேட் பர்ட்டன் போனார். வில்லியாமே கிக்காவ் போனார். ஸ்டீஃபன் கிரைட்டன் போனார். ஜரோம் லுவாய் போனார். அவர்களெல்லாம் பென்ரித்தை வெறுத்தா போனார்கள்? வென்றதால்தான் விலை ஏறியது. விலை ஏறியதால்தான் பானை வழிந்தது.

புதியவர்களை மேலும் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. என்.ஆர்.எல். விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே, அதாவது முந்தைய நவம்பரிலிருந்தே, ஒருவர் அடுத்த கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடலாம். லுவாய் 2025 முதல் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்கு ஆடுவார் என்பது 2024 பருவம் தொடங்கும் முன்பே ஊரறிந்த செய்தி. அவர் அந்த ஆண்டு முழுவதும் பென்ரித் ஜெர்சியில் ஆடி, இறுதியாட்டத்தையும் வென்று கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். விசுவாசம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சங்கடமான, ஆனால் அழகான உதாரணம் இல்லை. போவது உறுதி. ஆனாலும் கடைசி நாள்வரை வியர்வை குறையவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மெல்போர்ன் ஸ்டார்ம் கிளப் தன் நட்சத்திரங்களை ஒன்றாகவே வைத்திருந்தது. என்ன ஒற்றுமை என்று பலரும் வியந்தார்கள். உச்சவரம்புக்கு மேல் ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது 2010இல் வெளிப்பட்டது. 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. பிரியாமல் இருந்ததன் ரகசியம் இரண்டாவது கணக்கு நோட்டில் இருந்தது.

வளர்த்த கிளப்பே இழப்பது அநியாயம் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். நீண்டகாலம் ஒரே கிளப்பில் இருப்பவருக்கும் சொந்தமாக வளர்த்தவருக்கும் தரும் சம்பளத்தில் ஒரு பகுதியை உச்சவரம்பில் சேர்க்காமல் விடும் சலுகைகள் உண்டு. இங்கிலாந்தில் இன்னொரு பழைய வழக்கம்: பத்தாண்டு ஒரே கிளப்புக்கு ஆடியவருக்கு டெஸ்டிமோனியல் ஆண்டு. விருந்தும் ஆட்டமும் நடத்தி, ஊரே பணம் சேர்த்துக் கொடுக்கும். மொய் எழுதுவது போலத்தான். வழிவதைத் தடுக்க இவை போதுமா என்றால், போதாது. மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்கலாம், அவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரு வீரர் போகிறார் என்றால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கிளப் அவருக்கு என்ன தர முன்வந்தது? உச்சவரம்பில் இடம் இருந்ததா? அவருக்கு எத்தனை ஆண்டு ஆட்டம் மிச்சம்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் துரோகி என்பது அவசரம். ரெனால்ட்ஸ் விஷயத்தில் முதல் கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

பிறந்த வீட்டுச் சீர்

பணத்துக்காகப் போனவருக்குச் சொந்த மண் மறந்துவிடுமா? இதற்கு 1980இல் ஒரு சோதனையே நடந்தது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956இல் சூதாட்டப் பொறிகள் சட்டபூர்வமாயின. சிட்னி கிளப்புகளில் காசு கொட்டியது. வடக்கே குயின்ஸ்லாந்தில் அது இல்லை. அங்கத்திய நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிட்னிக்கு வண்டியேறினார்கள். அந்நாளில் மாநிலங்களுக்கு இடையிலான ஆட்டத்தில், எங்கே ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். விளைவு, குயின்ஸ்லாந்து தோற்றுக்கொண்டே இருந்தது. பல நேரம் தான் பெற்ற பிள்ளைகளிடமே தோற்றது.

ஒரே ஒரு விதியை மாற்றினார்கள். எங்கே சம்பாதிக்கிறாய் என்று கேட்காமல், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்கள். ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்ற பெயருக்கே மூல மாநிலம் என்றுதான் பொருள். 1980 ஜூலை 8, பிரிஸ்பேனின் லாங் பார்க் மைதானம். குயின்ஸ்லாந்து கேப்டன் ஆர்ட்டி பீட்சன். வயது 35. குயின்ஸ்லாந்தின் ரோமாவில் பிறந்து, வாழ்வின் பெரும்பகுதி சிட்னியில் ஆடி, நியூ சவுத் வேல்ஸ் ஜெர்சியையும் அணிந்தவர். அப்போது சிட்னியின் பாராமட்டா கிளப் வீரர். எதிரணியில் அதே பாராமட்டாவின் மிக் குரோனின். ஒரே கிளப்பைச் சேர்ந்த நண்பரையே பீட்சன் முரட்டுத்தனமாக மோதியது இன்றும் பேசப்படுகிறது. குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. இன்று ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு மூன்று இரவுகள் இந்தத் தொடருக்காகவே ஒதுக்கப்படுகின்றன.

புகுந்த வீட்டில் வருடம் முழுக்க உழைத்தவருக்குப் பிறந்த வீட்டு விசேஷத்தில் ஓர் ஆசனம். ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. பீட்சன் பாராமட்டாவுக்கும் பொய் சொல்லவில்லை, குயின்ஸ்லாந்துக்கும் பொய் சொல்லவில்லை.

கிளப்பை ஊருடையதாக்குவது யார்?

அப்படியானால் களத்தில் நிற்கும் பதின்மூன்று பேரும் மாறிக்கொண்டே இருக்கும்போது, “எங்கள் கிளப்” என்பதில் ‘எங்கள்’ எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் ஹல் நகரத்தைப் பாருங்கள். நடுவே ஹல் என்ற ஆறு. மேற்கே மீன்பிடித் தொழில் குடும்பங்கள். அவர்களுடையது கறுப்பு-வெள்ளை ஜெர்சி அணியும் ஹல் எஃப்.சி. கிழக்கே துறைமுகத் தொழிலாளர்கள். அவர்களுடையது சிவப்பு-வெள்ளை ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். இரண்டு அணிகளும் மோதும் நாளுக்கு டெர்பி என்று பெயர். ஒரே ஊரின் அல்லது அண்டை ஊர்களின் அணிகள் மோதுவதைக் குறிக்கும் சொல் அது. எந்தப் பக்கம் பிறந்தாயோ அந்த நிறம். கல்யாணத்தில் நிறம் கலந்தால் வீட்டில் சச்சரவு. 1980இல் சவால் கோப்பை இறுதியாட்டத்துக்கு இரு அணிகளும் தகுதி பெற்றன. ஊரே லண்டன் வெம்பிளி மைதானத்துக்குக் கிளம்பியது. நகரைவிட்டு வெளியேறும் சாலையோரம் யாரோ பலகை எழுதி வைத்தார்கள்: கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். ரோவர்ஸ் 10-5 என்று வென்றது.

இந்த மேற்கு-கிழக்கு அடையாளத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரோவர்ஸ் தோன்றியது மேற்கில். பிற்காலத்தில் ஹல் எஃப்.சி.யின் கோயிலாக மாறிய பூல்வார்ட் மைதானத்தில் முதலில் ஆடியதே ரோவர்ஸ்தான். 1895இல் அந்த இடம் ஹல் எஃப்.சி. கைக்குப் போக, ரோவர்ஸ் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே குடிபெயர்ந்தது. வீரர் மட்டுமல்ல, கிளப்பே புகுந்த வீட்டில்தான் வேர்விட்டிருக்கிறது.

அந்த வேரின் ஆழம் 1995இல் தெரிந்தது. ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் பெரும் தொகையோடு வந்து சூப்பர் லீக் என்ற புதிய போட்டியை முன்வைத்தது. கிளப்புகள் அதிகம், இணைத்துவிடலாம் என்றார்கள். ஹல் கிளப்புகள் இரண்டையும் சேர்த்து ஹம்பர்சைட். கேஸில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டோன் மூன்றையும் கலந்து கால்டர். காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான கணக்கு. கால்டர் என்பது அந்தப் பக்கம் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யார் தொண்டை கிழியக் கத்துவார்கள்? தெருவில் இறங்கினார்கள் மக்கள். இணைப்புத் திட்டம் சில வாரங்களில் கைவிடப்பட்டது. வீரர்கள் போவதும் வருவதும் அந்த ஊர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஊர்ப் பெயரைப் பிடுங்கியதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நாம் தொடங்கிய சவுத் சிட்னிக்கும் இதே சோதனை வந்தது. 14 அணிகள் போதும் என்று முடிவுசெய்து, 1908 முதல் ஆடிவந்த அந்த கிளப்பை 1999 பருவத்தோடு வெளியேற்றினார்கள். முயல்கறி கூவி விற்றவர்களின் பெயரான ராபிட்டோஸ் என்பதைத் தன் செல்லப்பெயராகச் சுமக்கும் ஏழைத் தொழிலாளர் வட்டாரத்துக் கிளப் அது; ரெட்ஃபெர்ன் பகுதியின் பழங்குடி மக்களோடும் நெருக்கமான உறவுள்ளது. பல்லாயிரக்கணக்கானோர் சிட்னி வீதிகளில் ஊர்வலம் போனார்கள். இரண்டு பருவங்கள் அணியே இல்லாமல் ஒரு கிளப்பை உயிரோடு வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: ஆட்டம் இல்லை, வீரர்கள் கலைந்துவிட்டார்கள், கோப்பைக்கு வழியே இல்லை. இருந்தது கொடியும் வழக்கறிஞர்களும்தான். 2001இல் நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தது. 2002இல் அணி களத்துக்குத் திரும்பியது. டீக்கடை இடிக்கப்பட்டும், அதே முனையில் நின்று தெரு டீ கேட்டுக்கொண்டிருந்தது.

இரு கரைக்கும் ஒருவர்

கிளைவ் சல்லிவனைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பில்லி பாஸ்டனைப் போலவே கார்டிஃபில் பிறந்த கறுப்பின வீரர். 1961இல் ஹல் எஃப்.சி.க்கு வந்தார். அந்த ஜெர்சியில் மட்டும் 250 டிரைகள். 1972 உலகக் கோப்பையை வென்ற பிரிட்டன் அணிக்கு அவர்தான் கேப்டன். எந்த விளையாட்டிலும் பிரிட்டன் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே.

1974இல் அவர் செய்தது, ஹல் நகர இலக்கணப்படி மன்னிக்க முடியாதது. ஆற்றைத் தாண்டி ரோவர்ஸுக்குப் போனார். விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று பலகை வைத்த அந்த 1980 இறுதியாட்டத்தில், 37 வயதில், சிவப்பு-வெள்ளையில் தன் பழைய கிளப்பைத் தோற்கடித்த அணியில் ஆடினார். பிறகு மறுபடி ஹல் எஃப்.சி.க்கே திரும்பி, 1982இல் அவர்களோடு அதே கோப்பையை வென்றார். விசுவாசக் கணக்கில் இவரை எந்தப் பக்கம் எழுதுவது?

1985இல், 42 வயதில், புற்றுநோயில் இறந்தார். 2023இல் கார்டிஃப் துறைமுகப் பகுதியில், வடக்கே போன பிள்ளைகளான பாஸ்டன், சல்லிவன், கஸ் ரிஸ்மன் மூவருக்கும் சேர்த்துச் சிலை வைத்தார்கள். பிறந்த வீட்டுக்கு நினைவு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. புகுந்த வீடு அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. மேற்கிலிருந்து ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்குக் கிளைவ் சல்லிவன் வே என்று பெயர். கார் எந்த நிறக் கொடி கட்டியிருந்தாலும் அதன்மேல்தான் ஊருக்குள் போகிறது.